பழைய கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுப்பது கடைசி வேலை

பழைய கம்ப்யூட்டர் ஒன்று கைக்கு வந்ததும் எல்லாருக்கும் வரும் முதல் ஆசை, பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டுப் பார்ப்பதுதான். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். முப்பது வருஷம் பரணில் கிடந்த பெட்டி இன்னும் ஒரு வாரம் கிடந்தால் குடி முழுகிவிடாது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கரண்ட் கொடுத்தால், அதுவரை நன்றாக இருந்த போர்டுகூடப் புகைந்து போகலாம். இந்தப் பொழுதுபோக்கில் என் நேரம் பெரும்பாலும் ஸ்க்ரூடிரைவரோடும் பழைய டூத் பிரஷ்ஷோடும்தான் போகிறது, கீபோர்டைத் தட்டும் நேரம் ரொம்பக் குறைவு. அது பிடிக்குமா என்று யோசித்துவிட்டு இறங்குங்கள்.

நான் சேர்ப்பது 286, 386, 486 என்ற எண் கொண்ட பிராசஸர்களில் ஓடும் பெட்டிகள். 80களின் கடைசியிலிருந்து 90களின் நடுப்பகுதி வரை நம் ஊர் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் கம்ப்யூட்டர் சென்டர்களிலும் ஓடியவை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போய் வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் என்று அந்தக் கால மென்பொருள்களைப் படித்த தலைமுறைக்கு இவற்றைப் பார்த்தாலே தெரியும். வெளிநாட்டில் கமடோர் 64, அமிகா என்ற வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்காக உருகுகிறார்கள், அவர்கள் வீட்டில் அவை இருந்தன. நம் ஊர்ப் பரணில் இருப்பதோ ஹெச்சிஎல், விப்ரோ, பிசிஎல் என்று பெயர் போட்ட பெட்டி, இல்லையென்றால் பெயரே இல்லாத அசெம்பிள் பெட்டி. ஒரு விதிவிலக்கு உண்டு. 1984இல் மத்திய அரசு பள்ளிகளில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க ‘கிளாஸ்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதற்காகப் பிரிட்டனின் பிபிசி மைக்ரோவும், அதையே உரிமம் வாங்கி மொகாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் செய்த ‘எஸ்சிஎல் யூனிகார்ன்’ பெட்டியும் பள்ளிகளுக்குப் போயின. ஏதாவது பழைய பள்ளியின் ஸ்டோர் ரூமில் அது கண்ணில் பட்டால், காயலான் கடைக்குப் போவதற்கு முன்னால் எடுத்துவிடுங்கள். எனக்குத் தராவிட்டாலும் பரவாயில்லை.

காயலான் கடை என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் அங்கே போய்ச் சேர்ந்தபின் நமக்குப் போட்டி இன்னொரு சேகரிப்பாளர் இல்லை, தங்கம். 486, பென்டியம் காலத்து செராமிக் பிராசஸர்களின் கால்களில் தங்க முலாம் உண்டு. அதை உருக்கி எடுக்கவென்றே வாங்கிப் போகிறார்கள். நான் வாடிக்கையாகப் போகும் கடைக்காரர் முதல் நாளே சொல்லிவிட்டார்: “தம்பி, போர்டு கிலோ கணக்கு, சிப்பு தனிக் கணக்கு. சிப்போட போர்டு வேணும்னா உடைக்கிறதுக்கு முன்னாடி வந்து சொல்லிடணும்.” ஆக, எப்போதாவது போனால் வேலைக்கு ஆகாது, பழக்கம் வைத்துக்கொள்ள வேண்டும். அதைவிட நல்லது, பெட்டி அங்கே போகும் முன்பே பிடிப்பது. மூடப்போகும் அச்சகம், பழைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட், ஆடிட்டர் அலுவலகம், மரக்கடை, அரிசி மண்டி. இன்னும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் பில் அடிக்கும் கடையென்றால் உள் அறையில் நிச்சயம் ஏதாவது இருக்கும். கேட்கும்போது சிபியூவை மட்டும் கேட்காதீர்கள். கூடவே கிடக்கும் ஃப்ளாப்பிப் பெட்டி, மேனுவல், கீபோர்டு, மதர்போர்டில் ஜம்பர் என்ற சின்னச் செருகிகளை எப்படிப் போடுவது என்று சொல்லும் மெல்லிய புத்தகம், எல்லாவற்றையும் கேளுங்கள். பெட்டி இன்னொன்று கிடைத்துவிடும், அந்தப் புத்தகம் கிடைக்காது. டிவிஎஸ் கோல்டு கீபோர்டு இருந்தால் விடவே விடாதீர்கள். உள்ளே செர்ரி கம்பெனியின் நீல சுவிட்ச், சத்தமே தனி. பிஎஸ்2 என்ற சின்ன வட்ட பிளக் இருந்தால், ஒரு சின்ன அடாப்டரைப் போட்டாலே பழைய பெரிய ஐந்து பின் சாக்கெட்டில் வேலை செய்யும்.

சரி, பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. பின்னால் பவர் சப்ளையில் சின்ன சிவப்பு சுவிட்ச் ஒன்று இருக்கும், 115 அல்லது 230 என்று. அது 230இல் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்த பெட்டியாக இருந்தால் 115இல் நிற்கும். நம் வீட்டு கரண்டில் போட்டால் வெடிச் சத்தத்தோடு முடிந்துவிடும். அப்புறம் மூடியைத் திறங்கள். நம் ஊர்ப் பெட்டியில் முதலில் கண்ணில் படுவது கம்ப்யூட்டர் பாகம் இல்லை, பல்லி முட்டை. பவர் சப்ளைக்குள் காய்ந்த பல்லியே கிடப்பதும் உண்டு, அதன் எச்சம் போர்டில் விழுந்த இடத்தில் செம்பு அரித்துப்போயிருக்கும். இதற்கெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் போடும் வீடியோவில் வழி கிடைக்காது. பெயின்ட் பிரஷ், ப்ளோயர், மூக்கில் துணி. அவ்வளவுதான்.

ஏடி என்ற அந்தக் காலத்து வகை கேபினெட்டில் கவனமாக இருக்க வேண்டிய இடம், முன்பக்கத்து ஆன் பட்டன். இப்போதைய பெட்டிகளில் அந்தப் பட்டனுக்கு வருவது சில வோல்ட்தான். ஏடி பெட்டியிலோ வீட்டு 230 வோல்ட் நேராக அந்தப் பட்டனுக்கே வந்து திரும்பும். ஒயர் மேல் இருக்கும் பிளாஸ்டிக் உறை காய்ந்து உதிர்ந்திருந்தால், கேபினெட் தகரமே ஷாக் அடிக்கும். அதை முதலில் மாற்றுங்கள். பவர் சப்ளையைத் திறப்பதாக இருந்தால், உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர்களில் ஏறக்குறைய 320 வோல்ட் டிசி தேங்கியிருக்கும் என்பது நினைவிருக்கட்டும். பிளக்கைப் பிடுங்கிய கையோடு உள்ளே விரலை விடக் கூடாது. பழைய டிவி மாதிரி பின்பக்கம் நீண்ட சிஆர்டி மானிட்டரைத் திறக்கவே திறக்காதீர்கள். அதில் இருப்பது ஆயிரக்கணக்கான வோல்ட். அந்த வேலைக்கு இன்னும் நம் ஊரில் பழைய டிவி மெக்கானிக்குகள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சந்தோஷம்.

பவர் சப்ளையைச் சோதிக்க நம் எலக்ட்ரீஷியன்கள் காலங்காலமாகச் செய்யும் சீரீஸ் பல்பு முறையை மிஞ்ச ஒன்றும் இல்லை. 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் போட்டு, அதன் வழியாக கரண்ட் கொடுக்க வேண்டும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாகவே எரிந்துகொண்டிருந்தால் உள்ளே ஷார்ட். பல்பு தாங்கிக்கொண்டது, வீட்டு ஃபியூஸ் தப்பித்தது. இந்தச் சோதனையின்போது மதர்போர்டை இணைக்கக் கூடாது. ஆனால் பழைய சப்ளைகளில் பல, லோடு எதுவும் இல்லாவிட்டால் ஓட மறுக்கும், அதனால் போனால் போகட்டும் என்று ஒரு செத்த ஹார்டு டிஸ்க்கை மாட்டிவிடுகிறேன். வோல்டேஜ் சரியாக வருகிறதென்றால் அடுத்தது மல்டிமீட்டரை எடுத்து, போர்டின் பக்கம் 5 வோல்ட், 12 வோல்ட் முனைகளுக்கும் கிரவுண்டுக்கும் இடையே ஷார்ட் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால் பெரும்பாலும் டான்டலம் கெபாசிட்டர்தான், மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ சொட்டு வடிவில் நிற்கும். இதைப் பார்க்காமல் கரண்ட் கொடுத்தால் பட்டாசு மாதிரி வெடிப்பது அதுதான். பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு வரும் இரண்டு பிளக்குகளையும் கறுப்பு ஒயர்கள் நடுவில் சேரும்படி சொருக வேண்டும். மாற்றிச் சொருகினால் போர்டு காலி. கறுப்போடு கறுப்பு, வேறு எதுவும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி பேட்டரி. 386, 486 போர்டுகளைக் கொன்றவற்றில் முதலிடம் இதற்குத்தான். கீபோர்டு சாக்கெட்டுக்குப் பக்கத்தில் நீல உறை போட்ட பீப்பாய் வடிவ பேட்டரி ஒன்று சால்டர் செய்யப்பட்டிருக்கும், 3.6 வோல்ட், நிக்கல் காட்மியம். தேதியையும், கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் அடிப்படை புரோகிராமான பயாஸின் செட்டிங்கையும் காப்பாற்றத்தான் அதை வைத்தார்கள். வருஷக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் கசியும். கசிவது அமிலம் என்று பலர் நினைக்கிறார்கள். அது காரம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. போர்டின் பச்சைப் பூச்சுக்கு அடியில் புகுந்து செம்புக் கோடுகளைத் தின்றுகொண்டே போகும். ஈரக் காற்று இருக்கும் ஊரில் இன்னும் வேகம். கடலோரத்திலிருந்து வரும் போர்டையும் கோயம்புத்தூரிலிருந்து வரும் போர்டையும் பக்கத்தில் வைத்தால் எனக்கு வித்தியாசம் தெரிகிறது.

திருவல்லிக்கேணியில் மூடிய ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்திலிருந்து வந்த 486இல் நான் செய்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான போர்டுகளின் கதை இதேதான். பேட்டரியைக் கட்டிங் பிளேயரால் வெட்டி எடுத்தேன். அடியில் நீலமும் பச்சையுமாகப் பொருக்கு. மளிகைக் கடை வெள்ளை வினிகரைப் பஞ்சில் தொட்டு வைத்தால் நுரைக்கும். காரம் செயலிழப்பதன் அடையாளம் அது. நுரை நிற்கும்வரை திரும்பத் திரும்ப வைத்து, நல்ல தண்ணீரில் கழுவி, கடைசியாக ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஒரு குளியல். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் கேட்டால் ஐபிஏ என்று எடுத்துக் கொடுப்பார்கள். காய வைப்பது நிழலில், ஃபேன் காற்றில். மொட்டை மாடி வெயிலில் வேண்டாம், அதற்குக் காரணம் உண்டு: அந்தக் காலத்து பயாஸ் சிப் பலவற்றின் தலையில் கண்ணாடி ஜன்னல் இருக்கும், புற ஊதாக் கதிரால் அழிக்கக்கூடிய இப்ராம் என்ற மெமரி சிப் அது. மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்தான் அதற்குக் குடை. ஸ்டிக்கர் அசிங்கமாக இருக்கிறதென்று உரித்துவிட்டு வெயிலில் வைத்தால், நாள் போகப் போக பயாஸ் அழிந்துவிடும்.

அந்த போர்டு கழுவிய பிறகு உயிரோடு வந்தது, ஆனால் திரையில் ஒன்றும் வராமல் ஆறு பீப் அடித்து நின்றது. ஏஎம்ஐ கம்பெனியின் பயாஸில் ஆறு பீப் என்றால் கீபோர்டு கன்ட்ரோலர் கோளாறு. 8042 என்ற நாற்பது கால் சிப். அது இருப்பதும் பேட்டரியின் பக்கத்து வீட்டில்தான். சிப்பைப் பிடுங்கிப் பார்த்தால் சிப் நன்றாக இருக்கிறது, சாக்கெட்டின் உள்ளே தகடுகள் பச்சை பிடித்துப்போயிருந்தன. சாக்கெட்டை எடுத்துப் புதிதாக ஒன்று சால்டர் செய்தேன். அடியில் செல்லும் கோடுகளை ஒவ்வொன்றாக மல்டிமீட்டரில் தொட்டுப் பார்த்ததில், ஒன்று பார்வைக்கு முழுசாக இருந்தும் நடுவில் அறுந்திருந்தது. பச்சைப் பூச்சை பிளேடால் லேசாகச் சுரண்டி, மோட்டார் காயில் கட்டும் மெல்லிய எனாமல் ஒயரை அதன் மேல் பாலமாக ஓட்டினேன். அடுத்த முறை ஒரே ஒரு பீப், மெமரி எண்ண ஆரம்பித்தது. புது பேட்டரியை போர்டிலேயே வைக்கவில்லை. ‘எக்ஸ்டர்னல் பேட்டரி’ என்று நான்கு பின் கொண்ட இடம் பெரும்பாலான போர்டுகளில் இருக்கும். அங்கிருந்து நீள ஒயரில் ஏஏ செல் ஹோல்டரை கேபினெட்டின் மூலைக்குக் கொண்டுபோய்விட்டேன். இனி கசிந்தாலும் தகரத்தில்தான் கசியும். பட்டன் செல்லை பழைய பேட்டரி இருந்த இடத்திலேயே வைக்கிறவர்கள் ஒரு டயோடை இடையில் போட்டே ஆக வேண்டும். அந்த இடம் பேட்டரியை சார்ஜ் செய்யும் இடம், லித்தியம் செல்லை சார்ஜ் செய்தால் ஆபத்து.

பழைய ஹார்டு டிஸ்க் ஓடினால் முதல் வேலை அதிலிருப்பதைப் படியெடுப்பது. கேம் போட்டுப் பார்ப்பதெல்லாம் அப்புறம். பழைய டிஸ்க்கின் ஐடிஇ இணைப்பை யுஎஸ்பியாக மாற்றும் அடாப்டரை நம்பிப் போகாதீர்கள்; டிஸ்க்கில் ஓர் இடத்தைச் சிலிண்டர், ஹெட், செக்டர் என்ற மூன்று எண்களால் மட்டுமே குறிக்கத் தெரிந்த மிகப் பழைய டிஸ்க்குகளை அவற்றில் பல அடையாளமே காணாது. ஐடிஇ போர்ட் உள்ள பென்டியம் காலத்துப் பெட்டி ஒன்றை இந்த வேலைக்கென்றே வைத்திருக்கிறேன். படியெடுத்த பின் டிஸ்க்குக்கு ஓய்வு கொடுத்துவிட்டு அந்த இடத்தில் காம்பேக்ட் ஃப்ளாஷ் என்ற மெமரி கார்டைப் போடலாம். அந்தக் கார்டுக்கு ஐடிஇ பாஷை பிறவியிலேயே தெரியும், அடாப்டர் வெறும் ஒயர்தான். பெரிய கார்டு வாங்கிவிட்டு 504 எம்பிதான் தெரிகிறதே என்று புலம்ப வேண்டாம்: 1024 சிலிண்டர், 16 ஹெட், 63 செக்டர் என்பது அந்தக் கால பயாஸின் எல்லை. டாஸ் 6.22 இயங்குதளத்துக்கும் விண்டோஸ் 3.1க்கும் அது தாராளம். போதாதென்றால் எக்ஸ்டி-ஐடிஇ யுனிவர்சல் பயாஸ் என்று இலவசமாகக் கிடைப்பதை ஒரு ரோம் (ROM) சிப்பில் பதிந்து, பழைய நெட்வொர்க் கார்டின் பூட் ரோம் சாக்கெட்டில் செருகிவிடலாம். கார்டு நெட்வொர்க்கில் சேராவிட்டாலும் இதற்காகவாவது பிழைக்கும்.

ஃப்ளாப்பி விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு வில்லன் இருக்கிறது, பூஞ்சை. ஃப்ளாப்பியின் உலோக மூடியை விரலால் தள்ளி, நடுவட்டைச் சுற்றி, உள்ளே இருக்கும் கறுப்பு வட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளைப் புள்ளியோ மேகம் போன்ற படலமோ இருந்தால் அதை அப்படியே டிரைவில் போடக் கூடாது. டிரைவின் ஹெட் அந்தப் பூஞ்சையை வழித்துக்கொண்டு வட்டைக் கீறும், பிறகு போடும் நல்ல ஃப்ளாப்பிகளையும் கீறும். ஐபிஏ தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்து, காய்ந்த பின் ஒரே ஒரு முறை படிக்க வேண்டும், டிரைவ் ஹெட்டையும் அடிக்கடி துடைக்க வேண்டும். படிக்க நான் பயன்படுத்துவது கெய்ர் ஃப்ரேசர் என்பவர் உருவாக்கிய கிரீஸ்வீசல் போர்டு. பழைய ஃப்ளாப்பி டிரைவை யுஎஸ்பி வழியாக இன்றைய கம்ப்யூட்டரோடு சேர்க்கும். ஃபைலாகப் படிக்காமல் வட்டில் இருக்கும் காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்யும். ஒரு செக்டர் கெட்டுப்போயிருந்தால் அந்தப் பதிவை வைத்துக்கொண்டு நிதானமாக மல்லுக்கட்டலாம், ஃப்ளாப்பியை மறுபடி சுழற்ற வேண்டியதில்லை. கடையில் கிடைக்கும் யுஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவ் நல்ல நிலையில் இருக்கும் 3.5 அங்குல ஃப்ளாப்பிக்கு மட்டும் போதும்.

வைக்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தரையில் வைக்காதீர்கள். 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரையும் பார்த்த சென்னைக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பேட்டரியைக் கழற்றாமல் எதையும் அடுக்கி வைக்காதீர்கள். கார்டுகளுக்கு ஆன்டி ஸ்டேட்டிக் கவரும் சிலிக்கா ஜெல்லும் போதும், ஜெல்லை மழைக்காலம் முடிந்ததும் மாற்றினால் சரி.

பழைய கேமை ஆட வேண்டும், வேர்ட்ஸ்டாரைத் திரும்பப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை என்றால் இத்தனை பாடும் படாதீர்கள். இன்றைய கம்ப்யூட்டரிலேயே பழையதைப் போல நடித்துக் காட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருள் போதும்; பெட்டியின் பீப் சத்தம் வரை வேண்டுமென்றால் 86பாக்ஸ் இருக்கிறது. இதைச் சொன்னால் சில நண்பர்களுக்குக் கோபம் வருகிறது. ஆனால் அலமாரி நிறைய பெட்டி வாங்கி, ஆறு மாதத்தில் வீட்டில் சண்டை போட்டு, திரும்ப காயலான் கடைக்கே கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நிஜப் பெட்டி கட்டாயம் தேவைப்படுவது வேறு இடத்தில்: அந்தப் பெட்டியில் மட்டுமே இருக்கும் ஒன்றை வெளியே எடுக்கும்போது.

அந்தத் திருவல்லிக்கேணி அச்சகக்காரர் ஒரு பெரியவர், அவருக்குக் கம்ப்யூட்டர் திரும்ப ஓடியதில் பெரிய ஆர்வமில்லை. “அதுல எங்கப்பா எழுதின பாட்டுப் புஸ்தகம் டைப் அடிச்சு வெச்சிருந்தேன் தம்பி, அது வருமா பாருங்க” என்றார். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கரில் செய்த அந்த ஃபைல் டிஸ்க்கில் இருந்தது. திறந்தால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் குப்பை. 90களின் தமிழ் டிடிபி எல்லாம் அப்படித்தான்: ஒவ்வொரு கம்பெனியும் தன் எழுத்துருவில் எந்த எண்ணில் எந்த எழுத்து என்று தானே முடிவு செய்துகொண்டது. தமிழக அரசு 1999இல் டாம், டாப் என்று எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற பொது ஏற்பாடு கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான். அதனால் பழைய டிஸ்க்கிலிருந்து தமிழ் ஃபைலை எடுக்கிறவர்கள் ஃபைலை மட்டும் எடுத்துவிட்டு டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள், எழுத்துருவையும் சேர்த்து எடுங்கள். விண்டோஸ் 95இல் அதற்குத் தனி ஃபோல்டர் உண்டு. விண்டோஸ் 3.1இல் சிஸ்டம் என்ற ஃபோல்டருக்குள் மற்ற ஃபைல்களோடு கலந்து கிடக்கும், தேடி எடுக்க வேண்டும்.

எழுத்துரு கிடைத்ததும் திரையில் தமிழ் தெரிந்தது, பிரிண்ட் எடுக்க அது போதும். இன்று எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றுவதுதான் வேலை. எந்த எண் எந்த எழுத்து என்று எழுத்துருவைப் பார்த்து அட்டவணை போட வேண்டும், அப்புறம் வரிசையைத் திருப்ப வேண்டும். அந்த எழுத்துருக்களில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே, முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று மூன்று துண்டாக இருக்கும். யூனிகோடில் க முதலில் வர வேண்டும், கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாக அதன் பின்னால். அதே காலத்தில் மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின், இந்திய மொழிகளுக்கான ஜிஸ்ட் கார்டு போட்டு டாஸில் தமிழ் அடித்தவர்களின் ஃபைல் கிடைத்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி, அது இஸ்கி என்ற, இந்திய மொழிகளுக்கான பொதுத் தரத்தில் இருக்கும், க முதலில்தான் வரும், அட்டவணையும் ஏற்கெனவே இருக்கிறது. இங்கே அந்த அதிர்ஷ்டம் இல்லை. பைத்தானில் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டி, வந்த தமிழைப் பெரியவரிடம் பிரிண்டாகக் கொடுத்துத் திருத்தி வாங்கினேன். துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே எண்ணைப் போட்டிருந்ததால் அந்த இடங்களில் மட்டும் அவர் கண் தேவைப்பட்டது. அட்டவணையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். இன்னொரு அச்சகத்தின் ஃபைல் அதே கம்பெனி எழுத்துருவில் இருந்ததால் மறுநாளே முடிந்தது. இப்போது மேஜையில் இருப்பது வேறு கம்பெனி எழுத்துரு, அதற்கு மறுபடி ‘அ’விலிருந்து அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன்.